பென்சில் பவுச்சில் ஒளித்த இன்ஹேலர்

செவ்வாய், இரவு.

விளையாட்டு பீரியட் முடிந்து வகுப்புக்கு வந்ததும் என் மகள் யாழினிக்கு வீசிங் வந்துவிட்டதாம். இன்ஹேலரைப் பென்சில் பவுச்சில் ஒளித்துவைத்து, யாருக்கும் காட்டாதே என்று சொல்லி அனுப்பியவள் நான்தான். மூச்சு இழுத்தும் பிள்ளை அதை எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த திவ்யாதான், "இன்னாத்துக்குடி பயப்படுறே? என்கிட்டயும் கீது பாரு" என்று தன் பவுச்சைத் திறந்து காட்டியிருக்கிறாள். அப்புறம்தான் இவள் தன்னுடையதை எடுத்து அடித்தாளாம். சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

திவ்யாவின் அம்மா மலரும் நானும் அண்ணனூரில் ரயில் ஏறி ஒன்றாக வேலைக்குப் போகிறவர்கள். அவளுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"நானும் யாராண்டயும் காட்டாதேன்னுதான்டி சொல்லி வெச்சிருந்தேன். நாலு வருசமா பக்கத்துல பக்கத்துல குந்திகினு போறோம்" என்றாள்.

காலையில் முதல் வேலையாக இன்ஹேலரைப் பையின் முன்ஜிப்பில் வைக்க வேண்டும்.