அப்பாவைக் குடிகாரராக்கின கதை

என் அருமை அப்பாவுக்கு,

முதல்லயே சொல்லிடறேன், கோபிச்சுக்கக் கூடாது. தசமூலாரிஷ்ட மருந்தைக்கூட மோந்து பாத்துட்டு, "இதுல சாராய வாடை வரது, எனக்கு வேண்டாம்"னு தள்ளி வெச்ச மனுஷர் நீங்க. நம்ம ஊர் கரமனையில் அது எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட உங்களைத்தான் ஒரு ரூம் நிறைய பொம்மனாட்டிகள் முன்னாடி குடிகாரர்னு சொல்லி வெச்சிருக்கேன்.

குடிக்கிறது நான்தான் அப்பா. அம்மா அண்ணாவோட பெங்களூர்ல இருக்கா, இங்கே நான் தனி. எப்படி ஆரம்பிச்சதுன்னு கேக்காதேங்கோ, ஒழுங்கா சொல்லத் தெரியலை. இப்போ காலம்பர ஆபீஸ்ல பேனா பிடிச்சாலே கை நடுங்கறது. டாக்டர் ஈரல் கெட்டுண்டு வரதுன்னு சொல்லி, "தனியா நிறுத்த முடியாது, குடியை விட்டவா கூடற மீட்டிங் இருக்கு, அங்கே போ"ன்னார்.

போன்னு சொல்ல என்ன, வாய் வலிக்குமா? அவர் குடுத்த நம்பர்ல போனை எடுத்தவர், மலையாளத்துல, "ஹஸ்பண்டினு வேண்டியாணோ?"ன்னார். ஆத்துக்காரருக்கு இல்லை, எனக்குத்தான்னேன். உங்களுக்கான்னு ரெண்டு தடவை கேட்டார். அப்புறம் ஒரு ஸ்கூல் பேர் சொன்னார். ரெண்டு பஸ் மாறிப் போனா, பூட்டு. அடுத்த வாரம் போன ஹால்ல யாருக்கோ நிச்சயதார்த்தம். என்னை மாப்பிள்ளை ஆத்து மனுஷின்னு நெனைச்சு உக்காத்தி பாயசம் வேற குடுத்துட்டா. சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன், என்ன பண்றது?

கடைசியில் சர்ச் பின்னாடி ஒரு கட்டடத்துல மீட்டிங் இருக்குன்னு தெரிஞ்சது. அங்கே ரெண்டு ரூம். ஒண்ணுல குடிச்சிண்டிருந்தவா, எல்லாம் ஆம்பிளைகள். இன்னொண்ணுல அவா ஆத்துப் பொம்மனாட்டிகள். நான் வாசல்ல கால் வெக்கறதுக்குள்ள ஒருத்தர், "சேச்சி, ஃபேமிலி அப்புறத்தாணு"ன்னு அடுத்த ரூமைக் கை காட்டினார். ஏம்பா, ஒரு பொம்மனாட்டிக்குக் குடிக்க வராதா? அவரை அப்படிக் கேக்காம, காட்டின இடத்துல போய் உக்காந்தேன்.

உள்ளே லிஸி சேச்சின்னு ஒருத்தி, என் கையைப் பிடிச்சுண்டு, "வீட்டில் ஆரா குடிக்குன்னது?"ன்னா. எனக்கு ஆத்துக்காரர் கிடையாது. அண்ணா பேரைச் சொன்னா நாளைக்கு அவன் காதுக்குப் போகும். "அச்சன்", அப்பாதான்னுட்டேன். நீங்கதான் வந்து மறுக்க மாட்டேளே.

அப்புறம் வாராவாரம் "அச்சனு எங்ஙனே உண்டு?"ன்னு, நீங்க எப்படி இருக்கேள்னு விசாரிப்பா. எனக்கு நடக்கறதை எல்லாம் உங்க தலையில் கட்டினேன். நான் குளிக்கற ரூம்ல விழுந்தேன், அச்சன் விழுந்துட்டார்னேன். அவா அழுதா, உங்களுக்காக ஜபம் பண்ணினா. எனக்கு வெக்கமா இருந்தது, இருந்தும் அடுத்த சனிக்கிழமை போனேன். நான் எப்படி இருக்கேன்னு கேக்க இந்த ஊர்ல வேற யார் இருக்கா, சொல்லுங்கோ?

அதோட விட்டாளா? லிஸி சேச்சியோட ஆத்துக்காரர் தாமஸ் அண்ணன் முன்னாடி குடிச்சு இப்போ விட்டவர். ஞாயித்துக்கிழமை அவர் வந்து அச்சனோட பேசுவார்னா. வேண்டாம்னேன். எல்லா ஆத்துலயும் முதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவாளாம், அவாளுக்கு அது பழக்கமாம்.

நேத்திக்கு வந்தார். சோபாவில் உக்காந்து, மெதுவா, "அச்சன் எணீற்றோ?"ன்னார். நீங்க எழுந்தாச்சான்னு கேக்கறார், அப்பா. அவர் கண்ணு சுத்தி, சந்தன மாலை போட்ட உங்க போட்டோவுல நின்னுது. அதைப் பாத்தார், என்னைப் பாத்தார், என் கையைப் பாத்தார்.

"எத்ர காலமாயி?"ன்னார், எத்தனை நாளாச்சுன்னு.

"அப்பா போய் நாலு வருஷம்"னேன்.

"அதல்ல. லலித குடிக்கான் தொடங்ஙீட்டு."

நான் குடிக்க ஆரம்பிச்சதைக் கேக்கறார். "அதுவும் நாலு வருஷம்தான்"னேன். சொன்னப்புறம்தான் என் காதுலயே அது விழுந்தது. மனுஷர் நான் அழுது முடிக்கற வரைக்கும் இருந்து, காப்பி கேட்டு வாங்கிக் குடிச்சுட்டுப் போனார்.

எனக்கு இன்னும் எரிச்சல் தீரலை அப்பா. அந்த ஆம்பிளைகள் நடுவுல ஒத்தைப் பொம்மனாட்டியா உக்காரணும். எல்லாரும் திரும்பிப் பாப்பா. பாத்துட்டுப் போகட்டும். வர சனிக்கிழமை முதல்ல லிஸி சேச்சி ரூம்ல உங்க பேர்ல இருக்கற கறையைத் துடைப்பேன். அப்புறம் ஆம்பிளைகள் ரூம்ல போய் உக்காந்து, யாரு எந்தப் பக்கம் கை காட்டினாலும் எழுந்திருக்க மாட்டேன். இது சத்தியம்.

ஒரு சொட்டுத் தொடாத அப்பாவோட
குடிகாரப் பொண்ணு,
லலிதா