இரண்டிலும் சேர்

முத்துப்பேச்சி,

பால் காய்ச்சியிருக்கிறேன். பாப்பா எழுந்ததும் ஆற்றிக் கொடு. மதியம் கான்சாபுரத்திலிருந்து உங்கள் அப்பா வருகிறார். குழம்பு நேற்றையது. அவருக்கு ரசம் வை.

கம்ப்யூட்டர் சயின்ஸோடு அஞ்சல் வழியில் பிசினஸ் டிப்ளமோவும் சேர்வதா என்று மாதக்கணக்கில் யோசித்தாய். நேற்றுச் சோறு போடும்போது, "ஒண்ணுமே வேண்டாம் அத்தான். நான் படிக்கப் போயிட்டா இங்க யாரு பாக்க?" என்றாய். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

ஞாயிறன்று உங்கள் அம்மா வந்து உன் அக்காவின் முகூர்த்தப் பட்டுச்சேலையை வெயிலில் போட்டது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. உன்னை எனக்குக் கட்டிவைக்கப் பேசியிருக்கிறார்கள். உன் அக்கா போய் வருஷத் திதிகூட இன்னும் வரவில்லை.

எனக்குச் சம்மதமில்லை. மில் விட்டு வந்ததும் உங்கள் அப்பாவிடம் நானே சொல்கிறேன். உன்மேல் குறையில்லை. ஜூனில் பாப்பாவைத் தளவாய்புரத்தில் என் அக்காவிடம் விட்டுவிடுகிறேன். பிள்ளைக்காக என்று நீ நின்றுவிடாதே. இரண்டிலும் சேர்.

வீட்டுச் சாவி ஆணியில் இருக்கிறது.

பட்டுச்சேலையை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அந்தச் சாவியை யாரும் தேடவேண்டாம். என்னிடம் இருக்கிறது.