ஏரியில் தண்ணீர் இருக்கிறது

அன்பு மகளுக்கு,

உன் அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று இந்த முறை கேட்கப்போவதில்லை, நீ சொல்லும் பதிலை நம்ப நான் தயாராக இல்லை. உன் உடம்பைப் பற்றித் தெரிய வேண்டியதை விமானக் கம்பெனியில் போன் எடுக்கிற பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். டிக்கெட் தேதியை மாற்றப்போன இடத்தில், பெற்ற மகளுக்குக் கால் முறிந்த செய்தியைக் கேட்ட அம்மா இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நடந்ததை முழுசாகச் சொல்கிறேன், உட்கார்ந்து படி. நீ வேலை பார்க்கிற அந்த வனப் பூங்காவுக்கு ரோடு கிடையாது, ஏரியில் இறங்குகிற சின்ன விமானம்தான் வழி, பனி விழுவதற்குள் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுங்கள் என்று சொன்னது நீதான். நாங்களும் குளிர் விட்டதிலிருந்து அதே வேலையாக இருந்தோம். டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் லீவு கேட்டால், காட்டுல என்னத்தைப் பார்க்கப்போறீங்க, மரம்தானே என்றார், அந்த மரத்துக்கு நடுவில்தான் என் பெண் இருக்கிறாள் என்று வாதாடி வாங்கினேன். பூட்ஸ் விற்றவர் வீட்டிலேயே போட்டுப் பழகுங்கள் என்று சொல்லிவிட்டார், உன் அப்பா அதை மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினார், மேலே என்ன இடிக்கிறீர்கள் என்று கீழ்வீட்டுக்காரி ஏறி வந்துவிட்டாள். அந்த விமானத்தில் ஆளுக்கும் எடை சொல்ல வேண்டுமாமே, உன் அப்பா கூசாமல் குறைத்துச் சொன்னார், மருந்துக்கடை மெஷினில் ஏற்றி நிறுத்தி உண்மையை வாங்கினேன். மூச்சு பழக வேண்டும் என்று தினமும் சாயங்காலம் நம் கட்டடத்துப் படியெல்லாம் ஏறி இறங்கினோம், கனத்துக்காக அவர் தோளில் ஸ்பானர் பை வேறு. லிஃப்ட் மெக்கானிக் கருவிப் பையோடு படியில் ஏறினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், லிஃப்ட் மறுபடி நின்னுபோச்சா என்று மாடிக்கு மாடி கதவைத் திறந்து கேட்டார்கள். கரடி மோப்பம் பிடிக்காமல் சாப்பாட்டை வைக்கிற இறுக்கமான டப்பாகூட வாங்கிவிட்டோம், அதன் மூடியைத் திறக்கக் கரடியைத்தான் கூப்பிட வேண்டும், எங்களால் முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் நீ போன் செய்து, ஏரியில் தண்ணீர் வற்றிப்போய்விட்டது, விமானம் இறங்காது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். அப்படியானால் உனக்கு அரிசியும் பருப்பும் எப்படி வருகிறது என்று கேட்டேன், லைன் சரியில்லை என்றாய். நானும் நம்பித் தொலைத்தேன். உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, இயற்கைக்கு முன்னால் நாம் என்ன செய்ய முடியும் என்று பெருமூச்சு வேறு விட்டார்.

மறுநாள் டிரைவிங் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு, டிக்கெட் தேதியை மாற்ற விமானக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஏரி வற்றிவிட்டதாமே என்றதும் அந்தப் பெண் திகைத்துப்போய், ஏரி நிறையத் தண்ணீர் இருக்கிறதே, நேற்றுகூட விமானம் போய் வந்ததே என்றாள். நான் யார் என்று சொன்னதும் குரலே மாறிவிட்டது. உங்கள் பெண்ணுக்குக் கால் இப்போது எப்படி இருக்கிறது, உள்ளே தகடு வைத்திருக்கிறார்களாமே, பாவம், அதற்குள் வேலைக்கும் திரும்பிவிட்டாள் என்று பரிவாக விசாரிக்கிறாள். எல்லாம் தெரிந்தவள்போல உம் கொட்டிவிட்டுப் போனை வைத்தேன். அன்றைக்கு ஓட்டப் பழகியவர் வங்கியில் வேலை பார்க்கிற சாதுவான மனிதர், திரும்பும்போது சிக்னல் போட மறந்தார் என்று நான் போட்ட சத்தத்தில் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டார். அந்தப் பாவமும் உன் கணக்கில்தான்.

உன்னைத் தூக்கிவந்த பைலட்டின் நம்பரை வாங்கி அவரிடமே பேசினேன். நீ தனியாக ஓடையைக் கடக்கும்போது பாசிக் கல்லில் வழுக்கி விழுந்தாயாம், வெளிச்சம் மங்குகிற வரை தண்ணீரிலும் கரையிலுமாகக் கிடந்தாயாம், உன் கூட வேலை பார்ப்பவர் தேடி வந்து தூக்கினாராம். ஆஸ்பத்திரியில் உன்னை மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனபோது வெளியே உட்கார்ந்திருந்ததும் அந்தப் பைலட்தான். யாரோ ஒரு மனிதர், ஈரச் சட்டையோடு, நான் உட்கார வேண்டிய இடத்தில். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “வழி பூரா அம்மா அம்மான்னுதான் கத்துச்சும்மா உங்க பொண்ணு. கீழ இறங்கினதும் முதல் வேலையா, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிச்சு.” வலியில் எல்லோரும் அப்படித்தான் கத்துவார்கள் என்று உன் அப்பா எனக்குச் சமாதானம் சொல்கிறார். அவர் பேசவே கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததே அவருக்குத்தான் என்று பிறகுதான் கக்கினார். தெரிந்துகொண்டே என் கூடப் படி ஏறியிருக்கிறார், தெரிந்துகொண்டே கரடி டப்பாவோடு மல்லுக்கட்டியிருக்கிறார். ஏன் மறைத்தீர்கள் என்றால், வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வா என்று அம்மா சொல்வாள், அதைக் கேட்க இப்போது தெம்பில்லை என்று நீ அழுதாயாம்.

ஆமாம், சொல்வேன். இப்போதும் சொல்கிறேன், அந்த வேலையை விட்டுவிட்டு வா. சொல்வது என் உரிமை. கேட்காமல் இருப்பது உன் உரிமை, பிறந்ததிலிருந்து அதை நீ விட்டுக்கொடுத்ததே இல்லை. நான் வேண்டாம் என்ற படிப்பைப் படித்தாய், நான் வேண்டாம் என்ற காட்டுக்குப் போனாய், எல்லாம் என் முகத்துக்கு நேராக நின்று சண்டை போட்டுத்தான் செய்தாய். ஒருநாளாவது ஒளித்தாயா? அந்தத் தைரியம் எங்கே போயிற்று? கால் உடைந்ததற்கு நான் கோபப்படவில்லை, கல் வழுக்கினால் நீ என்ன செய்வாய். உடைந்த காலோடு படுத்திருந்தபோது, என்னிடம் பேசுவதை இன்னொரு வலியாக நினைத்தாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பயணத்தை நான் ரத்து செய்யவில்லை. அடுத்த சாமான் விமானத்தில் இந்தக் கடிதம் வரும், அதற்கு அடுத்ததில் நாங்கள். உன் அப்பாவை விட்டுவிட்டு வரலாம் என்றுதான் நினைத்தேன், இங்கே விட்டால் நிம்மதியாகத் தூங்குவார், அதனால் கூட்டிக்கொண்டு வருகிறேன். எங்களை இறக்கிவிட்டு விமானம் திரும்பிவிடும், மறுபடி அது வரும்வரை எங்களைத் திருப்பி அனுப்ப உனக்கு வழியே இல்லை, பைலட்டிடம் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். அதுவரை காலைத் தொங்கப்போட்டு உட்காராதே, ஏரித் தண்ணீர் எடுக்க நீ போகாதே, வெட்கப்படாமல் கூட இருப்பவரிடம் கேள். டாக்டர் சொன்ன பயிற்சியை வலிக்கிறது என்று பாதியில் விடாதே. கடைசியில் இரண்டு வரி எழுத உன் அப்பா இடம் கேட்டார், கொடுக்கவில்லை.

எலும்பு நன்றாகக் கூடி, நீ ஆசைப்பட்ட மலையெல்லாம் நீ ஏறி இறங்க வேண்டும், இந்தக் கோபத்திலும் என் வாயில் அந்த ஒரு ஆசீர்வாதம்தான் வருகிறது. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். விமானச் சத்தம் கேட்டதும் கட்டையை ஊன்றிக்கொண்டு கரைக்கு ஓடி வராதே, அங்கேயும் வழுக்கும். கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திரு. நாங்கள் நடந்து வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
உன் அம்மா