குரல் இல்லாத கோப்புகள்

ஏப்ரல் 20, திங்கள்

இன்றிலிருந்து இதில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குச் சாதகமாக எதையும் மாற்ற மாட்டேன். பயந்திருந்தால் பயந்தேன் என்றே எழுதுவேன். (அண்ணன் இதைத் திருட்டுத்தனமாகப் படித்தால் அவனுக்குக் கண்ணில் கட்டி வரட்டும். இதுவும் உண்மையான விருப்பம்தான்.)

முதல் செய்தி: அம்மாவின் திருத்தம் கெர்னலின் புதிய வெளியீட்டில் வந்துவிட்டது! கெர்னல்தான் கணினிக்கு அஸ்திவாரம். மற்றதெல்லாம் அதன்மேல் ஓடுகிறது. இந்தக் கெர்னலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். அதில் ஒரு மூலை அம்மாவின் பொறுப்பு, பழைய கோப்பு முறைமை ஒன்று. எந்தக் கோப்பு டிஸ்க்கில் எந்த இடத்தில் கிடக்கிறது என்று கணக்கு வைத்திருப்பது அதன் வேலை. அம்மாவுக்குப் பகலில் அலுவலகம், மாலையில் இது. சம்பளம் கிடையாது. "இன்னொரு மாமியார் வீடு" என்பான் அண்ணன்.

கரண்ட் திடீரென்று போய் வந்தால், பாதியில் நின்ற வேலையைச் சரிபார்த்துக்கொண்டு கணினி எழுவதற்கு நெடுநேரம் ஆகும். அம்மா அதை விரைவாக்கினாள். சோதித்தது நான். பழைய கணினி ஒன்றில் கோப்புகள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குவேன், போடுவேன், கோப்புகள் நலமா என்று பார்ப்பேன். லீவு விட்டதிலிருந்து அதுதான் வேலை. ஒன்றுகூடக் கெடவில்லை. திருத்தத்தின் அடியில் 'சோதித்தவர்' என்று என் பெயர் இருக்கிறது. அதை எத்தனை தடவை திறந்து பார்த்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

மே 7, வியாழன்

அம்மாவுக்கு ஒரு மின்னஞ்சல். அனுப்பியவர் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். தொண்டை அறுவையில் பேச்சை இழக்கப் போகிறவர்களின் குரலை முன்கூட்டியே பதிந்துவைப்பது அவர் வேலை. (இனிமேல் குரல் அக்கா என்று எழுதுகிறேன்.) அவருடைய கணினியில் புதிய கெர்னலை ஏற்றியிருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் அது பழைய பதிவுகளை இடம் மாற்றித் தானே ஒழுங்குபடுத்துமாம். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் வந்திருக்கிறது. இப்போது பல பதிவுகளில் பெயர் சரி, நீளம் சரி, ஓட்டினால் சத்தமே இல்லை.

வேறு நகலும் இல்லை.

அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். குழாயைத் திறந்துவிட்டு, கையில் டம்ளர் இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள்.

அந்தக் குரல்களுக்கு உரியவர்களால் இனிப் பேச முடியாது. மறுபடி பதியலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மே 8, வெள்ளி

சுத்தியல் எழுதிவிட்டார். அம்மாவுக்கு மேலே இருந்து எல்லாக் கோப்பு முறைமைகளையும் பார்ப்பவர் அவர். அவர் அடிக்கிற அடிக்காக நாங்கள் வைத்த பெயர் அது. ஒரே வரி: "சோதித்ததாக எழுதியிருக்கிறீர்கள், எதைச் சோதித்தீர்கள்?"

எதையா? பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி என் விரல் காய்த்துப்போயிருக்கிறதே!

"பேர் வந்தப்ப என்னா குதி குதிச்ச? இப்ப அந்தப் பேரைத்தான் முதல்ல தேடுவாங்க" என்றான் அண்ணன்.

"வாயை மூடுடா" என்றாள் அம்மா.

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். இருந்தும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மே 9, சனி

காலையிலிருந்து அதே சோதனை. அம்மா தட்டச்சில், நான் பிளக்கில். எதுவும் கெடவில்லை. கெட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்போம். கெட்டால்தானே எங்கே கெடுகிறது என்று தேட முடியும்?

சும்மா நின்ற நேரத்தில், கணினி எழும்போது திரையில் ஓடும் வரிகளைப் படித்தேன். எது கண்ணில் பட்டாலும் படிப்பது என் வியாதி. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட விடுவதில்லை. முதல் வரியில் கெர்னலின் பதிப்பு எண் வந்தது. பழைய எண்.

பிடுங்கினேன். போட்டேன். பழைய எண்.

அம்மா புதிய கெர்னலை ஒருமுறை எழுப்பித் தருவாள். நான் பிளக்கைப் பிடுங்கிப் போட்டதும், அந்தக் கணினி தானாகவே பழைய கெர்னலுக்குத் திரும்பியிருக்கிறது. கரண்ட் வந்தபின் கோப்புகளைச் சரிபார்த்ததெல்லாம் பழையதுதான். அம்மா திருத்தியது அந்த இடத்தை. அதை நான் சோதிக்கவே இல்லை. லீவு முழுக்க, ஒருதடவைகூட.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன் – நடந்ததை எழுதுவதாகச் சொன்னேன், எழுதிவிட்டேன். அம்மாவை எல்லோர் முன்னாலும் கிழித்துவிடுவார்களே என்றுதான்.

"அம்மா, இது பழைய நம்பர்."

"எதுடி?"

"முதல் வரியில வர்றது."

குனிந்து பார்த்தாள். "ஐயோ. நான்தான் அப்படி வச்சேன். புதுசு எழும்பலைன்னா பழசுக்குப் போகட்டும்னு."

"நான் பார்த்திருக்கணும்ல?"

"உன்னைப் பிளக்கைத்தானே பிடுங்கச் சொன்னேன்? வா, இப்பப் பிடுங்கு."

இந்தமுறை புதியதே எழும்படி மாற்றிவைத்தாள். முதல் தடவையே கெட்டது. பெயர் இருந்தது, நீளம் இருந்தது, உள்ளே வெறும் பூஜ்யங்கள். அம்மா டிஸ்க்கை நேரடியாகத் துழாவினாள். உள்ளடக்கம் போட்ட இடத்திலேயே கிடந்தது! கணக்கு மட்டும் 'இந்த இடம் காலி' என்று பொய் சொல்லியது.

அப்படியானால் குரல்களும் அங்கேயே இருக்கும். ஆனால் காலி என்று நினைத்துக் கணினி அங்கே வேறு எதையாவது எழுதினால் அவ்வளவுதான். மருத்துவமனைக் கணினிதான் சாயங்காலமானால் தானே எழுதுகிறதே!

கணினியை உடனே நிறுத்தச் சொல்லிக் குரல் அக்காவுக்கு எழுதினாள். பிறகு எல்லோரும் படிக்கிற இடத்தில், "என் சோதனை தவறு, திருத்தத்தை நீக்குங்கள்" என்று எழுதி, காரணத்தையும் மறைக்காமல் எழுதினாள்.

குரல் அக்காவிடமிருந்து பதில் இல்லை. இப்போது சாயங்காலம். அது எழுதிக்கொண்டிருக்கும்.

மே 10, ஞாயிறு

பதில் இல்லை.

இன்றே, கொஞ்ச நேரம் கழித்து எழுதுகிறேன்: அண்ணன் மருத்துவமனையின் எண்ணைத் தேடி எடுத்தான். ஒரு கேலிகூடச் செய்யவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. எடுத்தவர் காவலாளி. அம்மா பேசினாள்.

"அந்த மேடமா? லீவும்மா. செவ்வாக்கிழமைதான் வருவாங்க."

"அவங்க ரூம்ல கம்ப்யூட்டர் ஓடுதான்னு பார்த்துச் சொல்றீங்களா?"

போய் வந்தார். "ஓடுது, ஓடுது. பச்சையா எரியுது. ஒண்ணும் ஆகல."

அம்மா கோப்பு முறைமை, காலியிடம் என்று விளக்கினாள். "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. கேக்காம கை வச்சா என் வேலைக்கு உலை" என்றார்.

நான் போனைப் பிடுங்கினேன். எப்படித் துணிந்தேன் என்று தெரியவில்லை. "அண்ணே, அதுக்குள்ள பேச முடியாம போனவங்களோட குரல் இருக்கு. அது ஓட ஓட அழியுது."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? பட்டனை அமுக்கவா?"

"வேணாம்!" அம்மா கத்தினாள். முறையாக நிறுத்தினால், நிற்பதற்குமுன் அது எதையாவது எழுதிவிட்டுத்தான் நிற்கும். "பிளக்கை அப்படியே பிடுங்குங்க. மறுபடி யாரும் போடக் கூடாது."

"எல்லாரும் பிடுங்காதேன்னுதான் சொல்வாங்க. நீங்க பிடுங்குங்கறீங்க."

"பிடுங்குங்கண்ணே" என்றேன்.

"...பிடுங்கிட்டேன். கதவையும் பூட்டிடறேன். மேடம் கேட்டா உங்க பேரைத்தான் சொல்லுவேன்."

சொல்லட்டும். ஆனால் இதுவரை எத்தனை சாயங்காலங்கள் போய்விட்டன?

மே 12, செவ்வாய்

சுத்தியலிடமிருந்து: "நீக்கப்பட்டது. அடுத்தமுறை பதிப்பு எண்ணையும் பதிவுசெய்யுங்கள். எனக்கும் ஒருமுறை இதே நேர்ந்தது." அம்மா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தாள். எனக்கு நிம்மதி வரவில்லை. குரல் அக்கா டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், அது இன்னும் வந்துசேரவில்லை.

மே 17, ஞாயிறு

நகலில் அம்மா துழாவிக்கொண்டே இருக்கிறாள். அறைக்குள் போகப் பயம்.

மே 23, சனி

பெரும்பாலும் கிடைத்துவிட்டன. சில கிடைக்கவே இல்லை. குரல் அக்கா நன்றி சொல்லி நீளமாக எழுதியிருந்தார். அம்மா முதல் பகுதியை மட்டும் சத்தமாகப் படித்தாள். மீதியை நானே பிறகு படித்தேன்.

பதிவின்போது ஒவ்வொருவரும் முதலில் ஒரு பத்தியை வாசிப்பார்களாம். பிறகு வீட்டில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். ஒருவருடைய பதிவு பாதிதான் மீண்டது. பத்தி முழுக்க இருக்கிறது. மனைவியைக் கூப்பிடுகிறார். மகனைக் கூப்பிடுகிறார். அதன்பின் சத்தம் இல்லை. அவருடைய சின்ன மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாளாம். முடிந்ததும், இன்னொரு தடவை போடுங்கள் என்றாளாம்.

அம்மா இப்போதுதான் வாசலில் வந்து நின்றாள். "இன்னும் தூங்கலையா?"

"என் பேரைச் சொல்லிக் கூப்பிடும்மா" என்றேன்.

ஏன் என்று கேட்கவில்லை. கூப்பிட்டாள்.

இந்த வரியை நான் முடிப்பதற்காகக் காத்திருக்கிறாள். கை விளக்கு ஸ்விட்சில்.