பாடை திரும்பி வந்த படம்

மச்சான்,

இன்று காலை உன் வீட்டுக் கிணற்றடியில் அந்த மணம் வந்தது. கம்பி சூடேறி, வார்னிஷ் உருகி, மூக்குக்குள் போய்க் குந்திக்கொள்ளுமே, அதே மணம். தண்ணீர் மோட்டர் "ம்ம்ம்" என்று முனகியது. சுற்றவில்லை. உன் மனிசி பூமணி அடுப்பை விட்டெழும்பிக் குசினிக்குள் இருந்து தலையை நீட்டினாள்.

"என்னவாம் அண்ணை அதுக்கு?"

"முணுமுணுக்குது பிள்ளை."

உன் மோட்டர் வைத்தியம் முழுவதும் எனக்கு நினைவில் வந்தது. "பேசாமல் கிடந்தா கரண்ட் வரேல்லை. முணுமுணுத்தா டப்பா போயிட்டுது. புகைச்சா கும்பிட்டுட்டு வீட்ட போ." மோட்டரை முதல் சுற்றுக்குக் கிளப்பிவிடுகிற கப்பாசிற்றரைத்தான் நீ டப்பா என்பாய். அது செத்துப்போனால் கையால் தள்ளிவிட வேண்டும். எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கமே மோட்டர் ஓடும். நான் பள்ளிக்கூடம் போகாதவன். இதைக்கூட நான் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள், எழுதும்போதே சிரிக்கிறாள். ஆனால் டப்பாவின் சங்கதியை மட்டும் நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எப்படி மறப்பது, உன் கல்யாணமே அதில் தொங்கிக்கொண்டு நின்றதல்லவா?

பூமணியின் தாயை நினைத்தால் இப்போதும் என் முதுகு நிமிர்ந்துவிடும். புளியங்குளத்துக்கு உள்ளே எங்கள் பக்கத்தில் அவவின் மாடுகளுக்கே தனி மரியாதை. உன்னிடம் இருந்ததோ ஒரு பழைய படமெசின், அதுவும் பாதிப் படத்தில் படுத்துவிடும். நீ பெண் கேட்டு அனுப்பியபோது அவ சொன்ன பதில் ஊர் முழுக்கத் தெரியும்.

"ஒரு படத்தை நிக்காமல் ஓட்டிக் காட்டட்டும். பிறகு வந்து பொம்பிளை கேக்கட்டும்."

நீயும் நாள் குறித்தாய். இரவில் எல்லோரும் பன்றிக்கும் யானைக்கும் காவலாக வயலில் கிடப்பதால், எங்கள் ஊரில் படம் பகலில்தான். நெல் களஞ்சியத்தின் யன்னல்களைச் சாக்கால் அடைத்து இருட்டாக்குவோம். உமித் தூசியில் சனம் தும்மும். ஒருமுறை காதல் காட்சியில் இருபது பேர் சேர்ந்து தும்மி, கதாநாயகிப் பெட்டை சொன்ன பதில் யாருக்கும் கேட்காமல் போய், வெளியே வந்து அதற்கு ஒரு சண்டையே நடந்தது. அந்தச் சண்டையை விட்டுவிடுகிறேன், அது நீளம்.

படத்தன்று காலை நீ என் வீட்டுக்கு வந்தாய். முகம் பேயறைந்த மாதிரி.

"மச்சான், மாமியின்ர கிணத்து மோட்டர் முணுமுணுக்குது."

"அவா இன்னும் உனக்கு மாமி இல்லை."

"மாடெல்லாம் தண்ணியில்லாமல் கத்துது. மெசின்ர டப்பாவைக் கழட்டி அதுக்குப் பூட்டிட்டு வந்திட்டன்."

"அப்ப படம்?"

"கையால தள்ளி விடுவம்."

உலகத்தில் வேறு யாராவது இப்படிச் செய்வானா? மாமியாரின் மனதைப் பிடிப்பதற்காக, மாமியார் சோதித்துப் பார்க்க வரும் மெசினின் உயிரையே பிடுங்கி மாமியாரின் கிணற்றுக்குக் கொடுத்துவிட்டு வந்தாய்!

அவ முன்வரிசையில் கதிரை போட்டு இருந்தா. பக்கத்தில் பூமணி. நீ சுவர்ப் பக்கம் நின்று மோட்டரோடு சுற்றும் சில்லை ஒரு தள்ளுத் தள்ளினாய், படம் ஓடியது. நன்றாகத்தான் ஓடியது. கதாநாயகன் பிட்டு தின்றான், படியில் வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். தாய் கதறினாள், பாடை கிளம்பியது. களஞ்சியமே அழுதது. பூமணியின் தாயும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினா. மகன் ஒருவனைப் பறிகொடுத்தவ அவ. அதைப் பற்றி யாரோடும் கதைத்ததில்லை.

அந்த நேரம் பார்த்து மோட்டர் சூடாகி நின்றது. "ம்ம்ம்."

"நிண்டிட்டுது!" என்று பின்னால் ஒருவன் சந்தோசமாகக் கத்தினான்.

நீ பதறி ஓடிவந்தாய். சுவர்ப் பக்கம் போகாமல், பூமணி இருந்த பக்கத்திலேயே நின்று, சில்லை அதே மாதிரி முன்னுக்குத் தள்ளிவிட்டாய். மெசின் கிளம்பியது. ஆனால் பாடை தூக்கினவர்கள் பின்பக்கமாக நடந்து வீட்டுக்குத் திரும்பினார்கள். பாடையை இறக்கினார்கள். தாயின் கண்ணீர் கன்னத்தில் மேல்நோக்கி ஏறிக் கண்ணுக்குள் போனது. செத்தவன் படியில் இருந்து துள்ளி எழும்பி, பின்பக்கமாகவே போய்க் குந்தி, வாயில் இருந்து பிட்டை எடுத்து எடுத்துக் கோப்பையில் வைத்தான். உன் காலடியில் பிலிம் இடியப்பம் மாதிரிக் குவிந்தது.

சனம் சிரித்ததில் சாக்குகள் ஆடின. நீ மெசினை நிறுத்தப் பாய்ந்தாய்.

"நிப்பாட்டாதையும் தம்பி!" என்று பூமணியின் தாய் எழும்பி நின்றா. சிரிப்பிலா அழுகையிலா, முகமெல்லாம் ஈரம். "அவன் எழும்பிட்டான். உதோட முடியட்டும்."

கடைசிப் பிட்டும் கோப்பைக்குத் திரும்பிய பிறகுதான் நீ நிறுத்தினாய். அவ மெசினடிக்கு வந்து கேட்டா.

"ஏன் இது முனகுது?"

நீ பிலிமை அள்ளக் குனிந்துவிட்டாய். நான்தான் சொன்னேன்.

"இதின்ர டப்பா உங்கட கிணத்து மோட்டருக்குள்ள இருக்கு அம்மா. காலமை உங்கட மாடு குடிச்சது இவன்ர படத்தைத்தான்."

அவ உன்னை மேலும் கீழும் பார்த்தா.

"மெசின் சரியில்லை," என்றா. "ஆள் பரவாயில்லை. தையில வைப்பம்."

இன்று காலை நான் மோட்டரைத் தள்ளியபோது அவசரத்தில் மறுபக்கம் நின்றுவிட்டேன். அது தலைகீழாக ஓடிக் குழாயில் குமிழிதான் வந்தது. பூமணி சிரித்தாள். உன் பாடை வாசல் படலையைத் தாண்டிப் போன பிறகு அவள் சத்தமாகச் சிரித்து இன்றுதான் கேட்டேன்.

"அவரும் உந்தப் பக்கம்தான் நிண்டவர்," என்றாள்.

புது டப்பா வாங்கித் தரச் சொல்லியிருக்கிறாள். கடையில் இல்லை என்று பொய் சொல்லிவிட்டேன் மச்சான். கொஞ்ச நாளைக்கு நானே வந்து தள்ளிவிடுவேன். சரியான பக்கம் தள்ளித் தொட்டியை நிரப்பிக் கொடுப்பேன். அதற்கு முன் ஒரே ஒரு தரம், அவள் குசினிக்குள் இருக்கும்போது, மறுபக்கம் தள்ளிவிட்டுப் படலையைப் பார்ப்பேன்.