லீடர் குச்சி

7 ஜூலை 2025, திங்கள்

மறுபடியும் பயிற்சி. நாளையும் நாளை மறுநாளும் வட்டார வள மையத்துக்குப் போகணும். 'வகுப்பறையில் வாசிப்பும் எழுத்தும்' என்று தலைப்பு. இத்தனை வருஷத்தில் போன பயிற்சிகளில் எனக்கு ஞாபகம் இருப்பது தக்காளி சாதமும் சார்ட் பேப்பரும்தான்.

பள்ளியில் நாங்கள் இரண்டே பேர். நான் ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை. எச்.எம். பிச்சைமுத்து சார் நான்கும் ஐந்தும். நான் போய்விட்டால் அஞ்சு வகுப்பும் அவர் தலையில். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று பார்த்தால் சிரிக்கிறார். "அதான் காவ்யா இருக்கால்ல டீச்சர், பாத்துக்குவா."

உண்மைதான். மூன்றாம் வகுப்பு காவ்யா என் லீடர். கையில் குச்சியைக் கொடுத்துப் போர்டு முன்னால் நிறுத்தினால் போதும். அவள் ஒரு வரி சொல்வாள், பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கத்தும். அந்த நேரத்தில்தான் நான் செல்லில் வருகைப்பதிவு போட்டு முடிப்பேன். கணீரென்ற குரல். எதிரே ராசு டீக்கடை வரைக்கும் கேட்கும்.

9 ஜூலை, புதன்

எழுத உட்கார்ந்தால் கை நிற்கமாட்டேன் என்கிறது. எங்கிருந்து ஆரம்பிக்க?

பயிற்சி கொடுப்பவர் ஷீபா. கன்னியாகுமரிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இங்கிட்டு வந்தவர். எங்களை மாதிரி தொடக்கப் பள்ளி டீச்சர்தான். நேற்று முழுக்கப் பாட்டும் விளையாட்டுமாகப் போனது. இன்று காலையில் ஒரு சார்ட்டைத் தொங்கவிட்டார். நாலு வரி தெலுங்கு. எங்களில் ஒருத்தருக்கும் தெலுங்கு தெரியாது. அவர் குச்சி வைத்து வாசிக்க, நாங்கள் சேர்ந்து சொன்னோம். திரும்பத் திரும்பச் சொன்னோம். கொஞ்ச நேரத்தில் சும்மா தண்ணியாய் ஓடுது!

"யாராவது முன்னாடி வந்து வாசிங்க" என்றார். நான்தான் முந்திரிக்கொட்டை ஆயிற்றே. போய்க் குச்சியை வாங்கி நாலு வரியையும் கடகடவென்று வாசித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். அப்புறம் ஷீபா ஒரு அட்டையை எடுத்தார். நடுவில் ஜன்னல் மாதிரி ஓட்டை. அதைச் சார்ட்டின் மேல் வைத்தார். ஒரே ஒரு சொல் தெரிந்தது.

"இது என்ன டீச்சர்?"

நான் முழித்தேன். மனசுக்குள் வரியை முதலிலிருந்து ஓட்டி, விரலை மடக்கி மடக்கி எண்ணி, அந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்தேன். சரியாகத்தான் சொன்னேன். ஷீபா சிரித்தார். "உங்க கிளாஸ்ல இதே மாதிரி விரல் மடக்குற பிள்ளை யாரு?"

ஹாலே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 

மத்தியானம் இன்னொரு கூத்து. 'இன்று காலை உங்கள் அடுப்படியில் நடந்த ஒன்றை எழுதுங்கள்' என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் 'முன்னுரை' என்று தலைப்புப் போட்டு, 'மனிதனுக்கு உணவு இன்றியமையாதது' என்று ஆரம்பித்தார். நான் மட்டும் என்னவாம்? 'அடுப்படியின் சிறப்புகள்' என்று போட்டிருந்தேன். எனக்கே என்மேல் கோபம். தோசை தீய்ந்ததையும், அதைத் திருப்பிப் போட்டு வீட்டுக்காரர் அருள்மணி தட்டில் வைத்ததையும், மனுசன் கண்டுபிடிக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனதையும் எழுதியிருக்கலாமே! அதுதானே நடந்தது?

இந்த மாதிரி ஒரு பயிற்சிக்கு நான் போனதே இல்லை. நாளைக்கு விடியட்டும்.

10 ஜூலை, வியாழன்

அட்டையில் ஜன்னல் வெட்டிக்கொண்டு போனேன். முதலில் காவ்யா. அவள்தான் சட்டென்று சொல்வாள், மற்றதுகளுக்குத் தைரியம் வரும் என்று நினைத்தேன்.

'எங்கள் ஊரில் ஆழமான கிணறு ஒன்று உண்டு.' இதில் 'கிணறு' மட்டும் தெரிகிற மாதிரி வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. எங்கள்... ஊரில்... ஆழமான... விரல் மடங்குகிறது. "கிணறு!" என்றாள் சந்தோஷமாக.

அதே சொல்லைப் போர்டில் தனியாக எழுதினேன். ஒன்றும் வரவில்லை. 'கி' கூட வரவில்லை.

அய்யோ. லீடருடீ நீ.

கோரஸ் இல்லாமல் மூன்றாம் வகுப்பில் வாசித்தது மூணே பேர். எல்லாரும் காவ்யா சொல்றதப் பாத்து வாயசைச்சிருக்குதுக. அவ என்னையப் பாத்து வாயசைச்சிருக்கா. நான் எதைப் பாத்துக்கிட்டு இருந்தேன்? செல்லை.

14 ஜூலை, திங்கள்

இன்றிலிருந்து சேர்ந்து கத்துவது கிடையாது. குச்சியை பீரோ மேல் போட்டுவிட்டேன். காவ்யா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷீபா சொன்ன 'காலைச் செய்தி' ஆரம்பம். பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும், அவர்கள் சொன்னபடியே நான் போர்டில் எழுத வேண்டும். அதுதான் அன்றைக்குப் பாடம். 'எங்க ஆடு பொன்னுச்சாமி வீட்டு வேலியத் தின்னுருச்சு.' 'எங்க அப்பா சவுதியிலேர்ந்து போன்ல பேசுனாரு, நான் தூங்கிட்டேன்.' ஒவ்வொருத்தனும் தான் சொன்ன வரியைத் தேடிப் பிடித்துத் தொட்டுப் பார்க்கிறான். ஏ யப்பா, அந்த முகங்களைப் பார்க்கணுமே! பெல் அடித்ததே எனக்குத் தெரியவில்லை.

காவ்யா மட்டும் எதுவும் சொல்லவில்லை.

22 ஜூலை, செவ்வாய்

ராசு டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், ஸ்கூல் லீவா? சத்தமே காணோம்" என்கிறார். எங்கள் பிள்ளைகள் கத்துகிற நேரத்தை வைத்துத்தான் இரண்டாம் ஈடு வடை போடுவாராம். ஊரே அப்படித்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் நடக்கிறது என்றால் சத்தம் வரணும். களத்தில் நின்றுகொண்டு ஒருத்தர், "டீச்சரம்மா சும்மா ஒக்காந்துருக்காக போல" என்றாராம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

1 ஆகஸ்ட், வெள்ளி

காவ்யாவின் அம்மா செங்கமலம் வந்தார். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியும் அவர்தான். விடியுமுன்னே தோட்டத்தில் முல்லை எடுத்து, கீரமங்கலம் பூ மண்டியில் போட்டுவிட்டு நேரே வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நல்லாப் படிச்ச புள்ள டீச்சர். குச்சியப் பிடிச்சு நின்ன புள்ள. இப்ப புஸ்தகத்த எடுத்தாலே தேம்புறா. என்ன பண்ணுனீங்க எம்புள்ளைய?"

பக்குவமாகச் சொல்லியிருக்கணும். எனக்குத்தான் வாய் நிற்காதே. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, எல்லாம் மனப்பாடம் என்று போட்டு உடைத்தேன்.

அவர் முந்தானையை இழுத்துச் செருகினார். அப்புறம் கேட்டார்: "அப்ப மூணு வருசமா என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்க?"

கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

2 ஆகஸ்ட், சனி

சோறு இறங்கவில்லை. அருள்மணியிடம் சும்மா சும்மா எரிந்து விழுந்தேன்.

13 ஆகஸ்ட், புதன்

எச்.எம். கூப்பிட்டுப் பேசினார். காலாண்டு விடுமுறை முடிந்ததும் காவ்யாவுக்கு டிசி வாங்கி, கீரமங்கலத்தில் வேன் அனுப்புகிற பள்ளியில் சேர்க்கப் போகிறார்களாம். தலைவியே பிள்ளையை எடுத்தால் இன்னும் ரெண்டு மூணு வீடு பின்னாலேயே போகும். எண்ணிக்கை குறைந்தால் ஒரு போஸ்ட் சர்ப்ளஸ். அந்த ஒரு போஸ்ட் யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லணுமா என்ன, ஜூனியர் நான்தானே. பொன்னமராவதிப் பக்கம் தூக்கிப் போட்டால் தினம் இங்கிருந்து எப்படிப் போய் வர?

"பழையபடி அந்தக் குச்சிய அவ கையில குடுங்க டீச்சர். அவங்களும் சமாதானம் ஆயிருவாங்க, ஊரும் வாய மூடிக்கும்."

வகுப்புக்கு வந்து பீரோ மேல் பார்த்தேன். குச்சி அங்கேதான் இருந்தது. எட்டினால் எடுத்துவிடலாம். பொய் சொல்வானேன், கை போனது. அப்புறம் அவள் விரல் மடக்கியது ஞாபகம் வந்தது. நான் அதே மாதிரி மடக்கியதும்.

எடுக்கவில்லை.

21 ஆகஸ்ட், வியாழன்

இன்றைக்குத் தேதியை மஞ்சள் வைத்துக் கும்பிடணும்!

காலைச் செய்தி முடிகிற நேரம். நான் டஸ்டரை எடுத்துவிட்டேன். பின்னாலிருந்து காவ்யா. தாழ்ந்த குரலில், "எங்க அம்மா தலையில லைட்டு மாட்டிக்கிட்டுப் பூ எடுப்பாங்க." அவ்வளவுதான். சந்தோஷத்தில் கிட்டத்தட்ட வாசல் வரை ஓடிவிட்டு வந்தேன் நான். அந்த வரியைப் போர்டில் எழுதி, ஒரு அட்டையிலும் எழுதி, சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துத் தரையில் போட்டேன். அடுக்கச் சொன்னேன்.

'பூ'வை எடுத்தாள். 'அம்மா'வை எடுத்தாள். அடுத்து எடுத்ததைத் திருப்பிப் பார்த்து, "லைட்டு" என்றாள். விரல் மடங்கவில்லை. உதடு முதலிலிருந்து ஓடவில்லை. சொல்லைப் பார்த்தாள், சொன்னாள். நான் வேண்டுமென்றே மறுபடி கலைத்தேன். மறுபடி எடுத்தாள். கொம்பைக் காட்டி, "டீச்சர், இதுதான் லை" என்கிறாள் எனக்கு!

கண் கலங்கிப் போச்சு. ஒன்றாம் வகுப்பு வாண்டு ஒன்று, "டீச்சர் அழுவுறாங்க" என்று கத்தியது. மூக்கு ஒழுகுது போடா என்றேன்.

ஷீபாவுக்கு போன் பண்ணினேன். அவர் பேச விடாமல் நானே பேசி, நானே வைத்துவிட்டேன்.

9 செப்டம்பர், செவ்வாய்

காவ்யா இப்போது தினம் எழுதுகிறாள். ஒரு வரி, சில நாள் ரெண்டு வரி. துணைக்கால் போட மறக்கிறாள், புள்ளியை ஊருக்கு அனுப்பிவிடுகிறாள். சிவப்பு மையைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே சத்தியம். கை அரிக்கத்தான் செய்கிறது. இன்றைய வரி: 'பூ வெல கொறஞ்சா அம்மா பேசாது.'

இதைப் பெத்தவரிடம் காட்டலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

17 செப்டம்பர், புதன்

செங்கமலத்தைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பிள்ளை இப்போது எழுதுகிறாள், ஒரு நாள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பாருங்கள் என்றேன். "பாத்தாச்சு டீச்சர். வீட்டுல பாடத்த ஒப்பிக்கச் சொன்னா ஒரு வரி வரல" என்று சொல்லிவிட்டுப் பூக்கூடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். வேன்காரரிடம் சொல்லியாச்சாம்.

8 அக்டோபர், புதன்

நடந்தது நடந்தபடி எழுதணும். ஒன்றும் விடக்கூடாது.

முதல் பீரியடிலேயே செங்கமலம் டிசி கேட்டு வந்துவிட்டார். எனக்கு எச்.எம். அறையிலிருந்து ஆள் வந்தது. போனால் காவ்யா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். செங்கமலத்துக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். வழக்கமாக இந்த மாதிரிக்கு எச்.எம்.மே எழுதி வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். இன்று பேனாவை மூடி வைத்தார்.

"எழுத்து எழுத்துன்னு சொல்றீங்களே டீச்சர், புள்ளையே எழுதட்டும்."

குத்தலாகத்தான் சொன்னாரா, வேறு ஏதும் நினைத்துச் சொன்னாரா? இப்போது வரை தெரியவில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் காவ்யாவிடம் நீட்டினார். அவள் தரையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போகவே இல்லை. போனால் சொல்லிக் கொடுத்ததாக ஆகிவிடும். சேலை நுனியைத் திருகிக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். செங்கமலம் வேன் வந்துவிடும் வந்துவிடும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிள்ளை அழித்தாள், எழுதினாள், மறுபடி அழித்தாள். எழுந்து தாளை எச்.எம். மேசையில் வைத்துவிட்டு என் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

'சார் எங்க அம்மா டிசி கேக்குறாங்க. எனக்கு வேனாம். நான் முன்னாடி வாயில படிச்சேன். இப்ப கண்ணுல படிக்கிறேன். அங்க போனா மருபடி வாயில படிக்கச் சொல்லுவாங்க. அம்மா திட்டாத. காவ்யா.'

'கண்ணுல' வரும்போது சாரின் குரல் இறங்கிவிட்டது. கடைசி வரியை வாயசைத்துத்தான் வாசித்தார்.

செங்கமலம் என்னைப் பார்த்தார். நீங்கள் சொல்லிக் கொடுத்ததா என்று கேட்டார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். பின்னாலிருந்து காவ்யா, "யாரும் சொல்லலம்மா" என்றாள்.

அவர் மேசைக்குப் போய்த் தாளை எடுத்தார். தலைகீழாக இருந்ததா நேராக இருந்ததா தெரியவில்லை, ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மடித்து இடுப்புச் சுருக்குப் பையில் வைத்தார்.

"அது விண்ணப்பம்மா. ஆபீஸ்ல இருக்கணும்" என்றார் சார்.

"அதான் வேணாம்னு எழுதியிருக்கால்ல சார்" என்றார் செங்கமலம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போனவர், திரும்பி வந்து பூக்கூடையை எடுத்துக்கொண்டு போனார். வேன்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான் வகுப்புக்கு வந்து என்ன நடத்தினேன் என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

12 நவம்பர், புதன்

ரெண்டாம் ஈடு வடை நேரத்துக்கு ராசு கரண்டியோடு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டார். "என்ன டீச்சர், இப்ப சார் கிளாசும் ஓஞ்சு போச்சு?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். அடுத்த அறையில் கோரஸ் இல்லை. சார் ஒன்றும் என்னிடம் சொல்லவில்லை. மழைக்கு ஆளே வரவில்லையோ என்று காவ்யாவைப் பார்த்து வரச் சொன்னேன். போய்க் கதவோரம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"எல்லாரும் இருக்காங்க டீச்சர். அஞ்சாவது அண்ணன் எதையோ சொல்லுது, சார் போர்டுல எழுதுறாரு."

ராசு வடை கருகும் என்று ஓடினார். நாங்கள் காலைச் செய்தியைத் தொடர்ந்தோம். காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. பீரோ மேலிருந்த குச்சியை எடுத்து அதற்கு முட்டுக் கொடுத்தேன்.