சிவப்பு விளக்கைத் தாண்டிய பிறகு

செல்லம்மா,

அடுப்பில் சூப் இருக்கிறது, சூடு பண்ணிக் குடி. நெற்றித் தையலில் தண்ணீர் படக் கூடாது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். உன் தோழி சுருட்டைக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. அவளுடைய அம்மா அங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

நேற்று, "உனக்கு மூளை இருக்கா?" என்று உன்னிடம் கத்திவிட்டேன். நீ கதவைச் சாத்திக்கொண்டாய். அப்புறம் டாக்டரிடம் கேட்டேன்: "எத்தனையோ பேருக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்தவன் நான். நான் பக்கத்துல இருந்தா என் பொண்ணு ஒரு தப்புகூடப் பண்ண மாட்டா. எப்படி சிவப்பு விளக்கைத் தாண்டினா?"

"அப்பா பக்கத்துல இருந்தா ஒரு மாதிரி, மூணு ஃப்ரெண்ட்ஸ் இருந்தா வேற மாதிரி. பதினெட்டு வயசுல உற்சாகம் சட்டுனு தலைக்கேறிடும். மூளையில நிதானிக்கச் சொல்ற பாகம் வளர்ந்து முடிய இருபத்தஞ்சு ஆகிடும்" என்றார்.

அதற்காக உன்மேல் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால், எனக்கு இது தெரியாததில்லை. "முதல் வருஷம் நண்பர்களை ஏத்த விடாதீங்க" என்று மற்ற பெற்றோரிடம் சொல்கிறவனே நான்தான். நீ கேட்டதும் சாவியைத் தூக்கிக் கொடுத்தேன். என் பெண் அப்படியில்லை என்ற பெருமை. சுருட்டையின் அம்மாவிடம் இன்று இதைச் சொல்லப் போகிறேன்.

மூன்று மணிக்குப் போலீஸ்காரர் வருவார். அதற்குள் வந்துவிடுவேன். நடந்ததை நடந்தபடி சொல், பக்கத்தில் நான் இருப்பேன்.

அப்பா

பி.கு. பயிற்சிக் காரில் ஏறி உட்கார்ந்தேன், சாவியைத் திருப்பாமலே இறங்கிவிட்டேன். பஸ்ஸில் போகிறேன்.